மயிலைக்கு எழுதிய சொல்

“அப்ப இந்த ஒத்தைச் சொல்லுக்காகத்தான் எங்க மாட்டைப் பிடிச்சுக் கட்டி வச்சிருக்கீகளாக்கும்?”

“சொல்லு இல்லை தாயி, உத்தரவு. துரை கைப்பட எழுதினது. அதுக்கு மேல பேச்சுக் கிடையாது.”

“எழுதட்டும். என்னன்னு எழுதியிருக்காக? வாசிங்க.”

“வாசிச்சா மட்டும் உனக்கு விளங்கிருமாக்கும்?”

“உங்களுக்கு விளங்குச்சா?”

சீனிச்சாமி பதிவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கூடலூருக்கு அப்பால், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்த சுண்ணாம்புக் கிட்டங்கிக்கு அவர்தான் ரைட்டர். மலைமேல் கட்டிக்கொண்டிருந்த அணைக்காகப் பள்ளத்தாக்கில் சுட்டெடுத்த சுண்ணாம்பெல்லாம் அவர் கண்முன் அளந்த பிறகுதான் மேலே போகும். வண்டிக்காரர்கள் அவரைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். எதிரே நின்று பதிவுப் புத்தகத்தைக் காட்டச் சொல்கிற பெண்பிள்ளையை அவர் அதுவரை பார்த்ததில்லை.

வியாகுலமேரிக்கு அது தெரியும். தெரிந்துதான் நின்றாள். சவேரியார்பட்டிக் கோயில் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவள் அவள். மதுரையில் கன்னியாஸ்திரிகள் மடத்தில் ஆறு வருஷம் தங்கி, தையலும் இங்கிலீஷும் லத்தீன் பாட்டும் கற்று வந்தவள். வயது இருபத்திரண்டு. அவளுக்குப் பின்னால் அண்ணன் அருளப்பன், கையில் வெறும் மூக்கணாங்கயிறு தொங்க நின்றான்.

மாட்டைக் கட்டி வைக்கக் காரணமான சங்கதி திங்கட்கிழமை நடந்தது. அருளப்பன் வண்டியை அவிழ்த்துவிட்டு, மயிலை, செவலை என்ற தன் ஜோடி மாட்டைக் கிட்டங்கிச் சுவரோரம் நிறுத்தியிருந்தான். சுமை இறக்கும் வீரபாண்டி, ஓடைப்பட்டிக்காரர், மாட்டுக்கும் சுவருக்கும் நடுவே குனிந்து கூடையை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சாரல் விழுந்தது. பாய் மூடாமல் கிடந்த சுண்ணாம்புக் குவியலில் ஈரம் பட்டதும் ஆயிரம் பாம்பு ஒன்றாய்ச் சீறியதுபோலச் சத்தமும் புகையும் கிளம்பின. மயிலை மிரண்டு பின்னால் பாய்ந்தது. பின்னால் கல்சுவர். நடுவில் வீரபாண்டி. ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஓவர்சியர் துரை குதிரையில் வந்தார். குதிரையை விட்டு இறங்காமலே பதிவுப் புத்தகத்தை வாங்கி ஒரு வரி எழுதினார். மாட்டைக் காட்டி ஏதோ சொன்னார். ஒருவன் தார்ச்சட்டியைக் கொண்டுவந்து, சர்க்கார் சாமான் எதிலும் போடுகிற அம்புக்குறியை மயிலையின் விலாவில் போட்டான். துரை மலையேறிப் போய்விட்டார். சனிக்கிழமைதான் இறங்குவாராம். இன்று புதன்.

“சரி, நீயே பாத்துக்கோ.” சீனிச்சாமி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அன்றைய சுண்ணாம்பு அளவுகளுக்குக் கீழே, சாய்ந்த இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. இறந்தது, கூலி ஒருவன். டியோடண்ட், மாடு ஒன்று.

வீரபாண்டிக்குப் பெயர்கூட எழுதவில்லை. வியாகுலமேரி அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்தச் சொல்லுக்கு வந்தாள். மடத்துப் பாடங்களில் அது வந்ததே கிடையாது.

“என்கிட்ட அகராதி இருக்கு,” என்று சீனிச்சாமி மேசை இழுப்பறையிலிருந்து உள்ளங்கை அகலப் புத்தகம் ஒன்றை எடுத்தார். “சாவுக்குக் காரணமாகி அரசுக்குச் சேரும் பொருள். அம்புட்டுத்தான். சாவுக்குக் காரணம் மாடு. அரசுன்னா சர்க்காரு. முடிஞ்சதா?”

“முடியலை. இதுல தேயோ இருக்கு.”

“எதுல?”

“சொல்லோட தலையில. இந்த டியோவைத்தான் லத்தீன்ல தேயோன்னு வாசிக்கிறது. தேயோ கிராசியாஸ்னு பூசையில பாடுவோம், சர்வேசுரனுக்கு நன்றின்னு அர்த்தம். தேயோன்னா சர்வேசுரனுக்கு. சர்க்காருக்குன்னு எந்தப் பாட்டுலயும் வரலை, ரைட்டரய்யா.”

சுமைக்காரர்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. சீனிச்சாமி அந்தப் பக்கம் முறைத்தார். “இது என்ன கோயில் பூசையா? அணைக்கட்டு வேலை. துரை வரட்டும். அதுவரைக்கும் மாடு இங்கனதான் நிக்கும்.”

“வரட்டும். அவுக வாறதுக்குள்ள உங்க புத்தகத்தை விடப் பெரிய புத்தகம் ஒண்ணைப் பாத்துட்டு வாறேன். அண்ணே, வா.”

அருளப்பன் நகரவில்லை. மயிலையைப் பார்த்துக்கொண்டே நின்றான். செவலையும் மயிலையும் ஒரே தொழுவில் கன்றாகச் சேர்ந்து வளர்ந்தவை. ஒன்றில்லாமல் மற்றொன்று கழுத்தை நுகத்துக்குக் கொடுக்காது. மலைப்பாதையில் வேறு மாடு ஜோடி போட்டு இறக்கத்தில் இறங்குவது உயிரை வைத்து விளையாடுவது. அவனிடம் நிலம் கிடையாது. அந்த ஜோடிதான் உண்டு.

“அண்ணே, மாடு வீட்டுக்கு வரும். நான் சொல்றேன்ல?” என்றாள் வியாகுலமேரி. அவள் சொன்ன தினுசில் சொன்னால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

திரும்பும்போது, மோர் விற்க வந்த கிழவி பவுனு மயிலையின் அருகில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வதை அவள் பார்த்தாள். கிழவி தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தார் அம்புக்குறியின் மூன்று முனையிலும் வைத்தாள்.

“என்ன பண்ணுற பவுனக்கா?”

“கண்ணு தெரியலையா? சூலம் போட்டிருக்கு. கோயிலுக்கு விட்ட மாடு. ஆளைக் கொன்ன மாட்டைச் சாமிக்கு விடுறது வழக்கம்தான? துரை வெள்ளைக்காரனா இருந்தாலும் வழக்கம் தெரிஞ்சவுக.”

*

சவேரியார்பட்டிச் சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். சுற்றுப்பட்டிக் கோயில்களுக்குப் போயிருந்தார். பங்களாவின் சாவிக்கொத்து சமையல்காரர் பங்கிராஸின் இடுப்பில், ஜெபமாலையோடு சேர்ந்து தொங்கியது.

“முடியாது மருமவளே. சாமியார் புத்தகத்தைப் பொம்பளைகள் தொட அனுமதி இல்லை.”

“தொட மாட்டேன் மாமா. நீங்க பிரிச்சுக் காட்டுங்க, நான் பாத்துக்கிறேன்.”

“எனக்கு எழுத்துத் தெரியாதே.”

“அப்ப நான்தான தொடணும்?”

பங்கிராஸ் யோசித்தார். யோசித்தபின்னும் முடியாது என்றே சொன்னார்.

“போன மாசம் பூசை ஒயின்ல தண்ணி கூடிப்போச்சேன்னு சாமியார் எங்கிட்டத்தான் வருத்தப்பட்டாக,” என்றாள் வியாகுலமேரி, கூரையைப் பார்த்துக்கொண்டே. “வெயிலுக்கு வத்துறது உண்டு, தானாக் கூடுமான்னு கேட்டாக. எனக்கு என்ன தெரியும்னு சொல்லி வச்சேன்.”

அலமாரி திறந்தது.

அகராதி இரண்டு செங்கல் கனம் இருந்தது. பக்கத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் பன்னிரண்டு வரி. முதல் வரியைப் படித்ததும் வியாகுலமேரி மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். பங்கிராஸ் பதறிப்போனார்.

“தேயோ தாந்தும். சர்வேசுரனுக்குக் கொடுக்க வேண்டியது. நான் சொன்னேன்ல!”

“என்கிட்ட எப்ப சொன்ன?”

அவள் காதில் அது விழவில்லை. வரி வரியாகப் போனாள். சில சொற்களுக்கு அதே அகராதியில் வேறு பக்கம் போய்த் திரும்பி வந்தாள். இங்கிலாந்தில் அறுநூறு வருஷத்துக்கும் முந்தியே வந்த சட்டம். ஒரு குதிரை உதைத்து ஆள் செத்தால் குதிரை, படகிலிருந்து விழுந்து செத்தால் படகு, மரம் சாய்ந்து செத்தால் மரம். எது ஓர் உயிரை எடுத்ததோ அது மனிதனிடம் இருக்கக் கூடாது, கடவுளுக்குப் போக வேண்டும். ஊரார் பன்னிரண்டு பேர் கூடி, எது அசைந்ததால் சாவு வந்தது என்று விசாரிப்பார்கள். நிற்கிற வண்டியின் சக்கரத்தில் ஏறி ஒருவன் விழுந்து செத்தால் சக்கரம் மட்டும். ஓடுகிற வண்டி என்றால் வண்டி, மாடு, அதில் இருந்த சுமை எல்லாமே. சாவை நோக்கி அசைந்தது ஒவ்வொன்றும் சர்வேசுரனுக்கு. அரசன் அதை வாங்கித் தன் தர்ம காரியங்களைப் பார்க்கும் குருவிடம் கொடுப்பான். அவர் ஏழைகளுக்குப் பங்கிடுவார். செத்தவன் வீட்டுக்கே கொடுத்ததும் உண்டு.

கண்ணை மூடினால் அவளுக்கு அந்தத் தேசம் தெரிந்தது. பனி விழுகிற ஒரு சந்தைவெளி. தொப்பி போட்ட பன்னிரண்டு பேர் ஒரு சக்கரத்தைச் சுற்றி நின்று, அது அசைந்ததா இல்லையா என்று வாதாடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வீரபாண்டியின் மீசை.

பன்னிரண்டாம் வரிக்கு வந்தாள். ரயில் வண்டிகள் வந்தபின், ஆளைக் கொன்ற இஞ்சின்களுக்கும் ஊரார் இதையே விதிக்க ஆரம்பித்தார்கள். கம்பெனிக்காரர்களுக்கு அது தாங்கவில்லை. 1846-ஆம் வருஷம் பார்லிமெண்டில் சட்டம் போட்டு இதை ஒழித்துவிட்டார்கள். இப்போது வழக்கில் இல்லை.

நாற்பத்தைந்து வருஷம்! அவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன சொல். துரை வேடிக்கைக்கு எழுதியிருக்கிறார். செத்த மனிதனுக்குப் பெயர் எழுதச் சோம்பல் பட்டவர், செத்த சொல்லை எங்கிருந்தோ தேடி எடுத்து எழுதியிருக்கிறார். கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. மயிலையைக் கட்டி வைக்க இனி யாருக்கும் அதிகாரம் இல்லை.

பன்னிரண்டு வரியையும் ஒரு தாளில் பிசகில்லாமல் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் அருளப்பன் கேட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இரண்டு நாளாகத் தீனிக்கு முகம் கொடுக்காமல் இருந்த செவலைக்கு அன்று அவன் பருத்திக்கொட்டை அரைத்து வைத்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். சுண்ணாம்புக்குப் பாய் மூடலையே, யாரு எடுத்தது?”

“ரைட்டர்தான். மூட்டம் போட்டு இருட்டா இருந்துச்சு. அளவு தெரியலை, பாயை எடுங்கடான்னாரு. மழை வாற மாதிரி இருக்கு, வேணாம்யான்னு வீரபாண்டி அண்ணன் தலையால அடிச்சுக்கிட்டாரு.” அருளப்பன் மாட்டின் நெற்றியைத் தடவினான். “அதெல்லாம் இப்ப எதுக்கு? மாடு வந்தாப் போதும்.”

*

சனிக்கிழமை வெயில் ஏறும்போது அவர்கள் கிட்டங்கிக்குப் போனார்கள். செவலையை முன்னால் நடத்திக்கொண்டு, நுகத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு அருளப்பன் மாப்பிள்ளைபோல வந்தான்.

மயிலையை அடையாளம் தெரியவில்லை. கொம்பில் மஞ்சள், கழுத்தில் செவ்வந்தி மாலை, காலடியில் தேங்காய் மூடிகள். தார் அம்புக்குறி குங்குமத்தில் முழுகிப்போயிருந்தது. மலையேறுகிற வண்டிக்காரன் ஒவ்வொருவனும் நின்று தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனான். மயிலை எதையும் பொருட்படுத்தாமல் வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது.

பக்கத்தில், மொட்டைக் கழுத்தோடு ஒரு பெண் உட்கார்ந்து அதற்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வீரபாண்டியின் மனைவி சந்தனம்மாள். ஓடைப்பட்டியிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

அருளப்பன் நடை தளர்ந்து நின்றுவிட்டான். வியாகுலமேரி நிற்கவில்லை.

“ரைட்டரய்யா, பெரிய புத்தகத்தைப் பாத்தாச்சு.”

“அப்படியா? என்னவாம்?” சீனிச்சாமியின் குரல் புதன்கிழமைக் குரலாக இல்லை. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுமைக்காரர்கள் கூடையை இறக்கிவிட்டு அருகே வந்தார்கள்.

அவள் தாளை எடுத்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். வகுப்பில் கதை சொல்லுகிற அதே குரல். குதிரையும் படகும் மரமும் வந்தன. சந்தைவெளியும் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். அசைந்ததெல்லாம் சாமிக்கு என்றபோது பவுனு, “நான் அன்னைக்கே சொன்னேன்” என்று எல்லோரையும் திரும்பிப் பார்த்தாள். கேட்டவர்கள் யாருக்கும் அது அந்நிய தேசத்துச் சங்கதியாகப் படவில்லை. யாரோ ஒருவர் தன் ஊரில் முட்டிக் கொன்ற கிடாயைக் கோயிலுக்கு விட்ட கதையை இடையில் சொல்லப் பார்த்தார். மற்றவர்கள் அதட்டி உட்கார வைத்தார்கள்.

“அசைஞ்சது எதுன்னு விசாரிப்பாகளாக்கும்?” என்று ஒரு சுமைக்காரன் கேட்டான், ரைட்டரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. “மாடு தானா அசையலையே. சுண்ணாம்பு சீறுச்சு, அதுல மிரண்டுச்சு. சுண்ணாம்பு மேல இருந்த பாயும் தானா அசையலை.”

“ஏலே, வாயை மூடுறா!” என்றார் சீனிச்சாமி.

“அவன் சொல்றது சரிதான்,” என்றாள் வியாகுலமேரி. “இந்தச் சொல்லை எழுதினா, விசாரணையும் வைக்கணும். பாயை யாரு எடுக்கச் சொன்னாகங்கிறதையும் சேத்து. சுண்ணாம்பும் அசைஞ்சிருக்கு. அப்ப இந்தக் குவியலும் சாமிக்குத்தான்.”

சீனிச்சாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கருத்துப்போன அவர் முகத்தைப் பார்க்கையில் வியாகுலமேரிக்கு வேண்டிய அளவு திருப்தி உண்டாயிற்று. இப்போது அடுத்ததைச் சொல்லலாம்.

“ஆனா பயப்படாதீக. இது அம்புட்டும் முந்தின காலத்துச் சட்டம். நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்துட்டாக. இந்தா, கடைசி வரி. சொல்லே செத்துப்போச்சு. துரை விளையாட்டுக்கு எழுதியிருக்காக.”

“அடி என் தாயி!” சீனிச்சாமி துள்ளி எழுந்தார். மூன்று நாள் பாரம் முகத்திலிருந்து இறங்கிவிட்டது. “அதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதான? அப்ப விசாரணை இல்லை, ஒண்ணும் இல்லை. துரை வந்ததும் அந்த வரியை வாசிச்சுக் காட்டு. ஒரு கோடு போட்டு அடிச்சுருவாக. அருளப்பா, மாட்டை அவுக்கத் தயாரா இரு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது, துரைக்கும் பேரு கெடாது.”

அருளப்பன் சிரித்தான். திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் சிரிப்பது இதுதான் முதல் தடவை. கூட்டம் கலைய ஆரம்பித்தது.

உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. வியாகுலமேரி தாளை மடிக்கப் போனவள் கையை நிறுத்தினாள். எல்லோருக்கும் நல்லதாய் முடிந்த அந்தக் கணக்கில் சந்தனம்மாள் எங்கேயும் இல்லை. அவள் வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. ஆறேழு மாதம் இருக்கும்.

“நீதான் வாத்தியாரம்மாவா?”

“ஆமாக்கா.”

“நான் இந்த மாட்டைக் கோவிச்சுக்கிடலை. வாயில்லாத ஜீவன் என்ன செய்யும்? சாமிக்கு விட்டிருக்காகன்னதும், பரவாயில்லை, அவரு உசுருக்கு இம்புட்டாவது மரியாதை நடந்திருக்குன்னு நெனைச்சேன்.” அவள் நேராகப் பார்த்துப் பேசினாள். “நீ முதல்ல சொன்னியே, செத்தவுக வீட்டுக்கே குடுக்குறதும் உண்டுன்னு. அது நெசமா?”

“நெசந்தான்க்கா. புத்தகத்துல இருக்கு.”

“எது அசைஞ்சதுன்னு பன்னெண்டு பேரு விசாரிப்பாகன்னியே, அதும் நெசமா?”

“அதும் நெசம்.”

“அவரு பேரைச் சொல்லி விசாரிப்பாகளா? வீரபாண்டின்னு?”

வியாகுலமேரிக்குப் பதிவுப் புத்தகத்தில் பார்த்த வரி கண்முன் வந்தது. கூலி ஒருவன். “பேரு சொல்லாம விசாரிக்க முடியாதுக்கா.”

மலைப்பாதையில் குதிரைக் குளம்பொலி கேட்டது. சீனிச்சாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்தார். கூட்டம் மறுபடி நெருங்கியது. துரை வளைவில் தெரிந்தார். மாலையும் குங்குமமுமாய் நின்ற மயிலையைப் பார்த்து அவர் குதிரையை இழுத்து நிறுத்தினார். தான் எழுதிய சொல்லுக்கு நூறு பேர் சாட்சியாய்க் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அத்தனை பேர் முன்னால், நான் எழுதியது பொய் என்று தானாக அவர் வாயால் சொல்வாரா? யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

எடுத்துக் கொடுக்கிற தாள் அவள் கையில் இருந்தது.

ஒரு பக்கம் அருளப்பன் செவலையின் கழுத்தைத் தடவியபடி, நுகத்தடியைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தான். அவள் எப்போதும் சொன்னதைச் செய்கிறவள் என்பது அவனுக்குத் தெரியும்.

“வாம்மா, வா, வாசி,” என்றார் சீனிச்சாமி அவசரமாக.

அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். தாளின் கீழ்முனையைச் சந்தனம்மாள் இரண்டு விரலால் பிடித்தாள். இழுக்கவில்லை. பிடித்திருந்தாள்.

“ஆத்தா,” என்றாள் அடங்கின குரலில், “எல்லாத்தையும் வாசி. கடைசி வரியை மட்டும் வாசிக்காம விட்டுரு ஆத்தா.”